போனில் ஜாவாவுக்கு இனி இடம் உண்டா? வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் ஒரு மாணவருக்கு "புரோகிராமிங் படிக்க ஜாவாவிலிருந்து தொடங்கலாம்" என்று சுருக்கமாகப் பதில் எழுதியிருந்தோம். அதற்கு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து மட்டும் நிறைய கடிதங்கள். எல்லாவற்றிலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: கையில் வைத்திருக்கும் போன், வீட்டில் இருக்கும் டிவி, இதிலெல்லாம் ஜாவாவுக்கு இனி எதிர்காலம் உண்டா? அதனால் இந்த முறை பகுதி முழுக்க இதற்கே.

"சார், காட்பாடி பக்கம் ஒரு கல்லூரியில் பி.சி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறேன். சிலபஸில் ஜாவா இருக்கிறது. சீனியர்கள், ஜாவா செத்துப்போச்சு, ஆண்ட்ராய்டுக்கே இப்போ கோட்லின்தான், டைம் வேஸ்ட் பண்ணாதே என்கிறார்கள். போனுக்கு ஆப் செய்வதுதான் என் ஆசை. ஜாவாவை விட்டுவிடலாமா?"
— மாணவர், காட்பாடி

விடாதீங்க தம்பி. ஆனால் ஜாவாவோடு நின்றுவிடவும் வேண்டாம்.

உங்கள் சீனியர்கள் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதி எது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம். சர்வர் பக்கம் ஜாவா நன்றாகவே இருக்கிறது. வங்கி, இன்சூரன்ஸ், டெலிகாம் என்று பெரிய வேலைகள் அதில்தான் ஓடுகின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது, 2025 செப்டம்பரில் ஜாவா 25 வந்தது. செத்த மொழிக்கு யாரும் இப்படி வேலை செய்துகொண்டிருக்க மாட்டார்கள்.

போன் பக்கம் கதை வேறு. 2017 மே மாதம் கூகுள் தன் மாநாட்டில் கோட்லினையும் ஆண்ட்ராய்டுக்கு அதிகாரப்பூர்வ மொழியாக ஏற்றுக்கொண்டது. 2019இல் "இனி எங்களுக்குக் கோட்லின்தான் முதல்" என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அப்போதுகூட ஜாவாவில் எழுதினால் எந்தக் குறையும் இல்லை. உண்மையான மாற்றம் 2021இல் ஜெட்பேக் கம்போஸ் வந்தபோதுதான் நடந்தது. திரையை, அதாவது பட்டன், பட்டியல், படிவம் எல்லாவற்றையும் கட்டுவதற்கான புதிய முறை அது, அதைக் கோட்லினில் மட்டும்தான் எழுத முடியும், ஏனென்றால் அது கோட்லின் கம்பைலருக்குள்ளேயே (எழுதிய கோடைக் கருவி ஓட்டும் வடிவுக்கு மாற்றுகிற புரோகிராம்) ஒரு பாகமாக உட்கார்ந்து வேலை செய்கிறது. ஜாவாவில் எழுதுகிறவருக்குப் திரையைத் தனி ஃபைலில் எழுதும் பழைய எக்ஸ்எம்எல் லேஅவுட் வழி இன்னும் திறந்தே இருக்கிறது, ஆனால் புதிதாக வருகிற நல்லதெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது.

அப்படியென்றால் ஏன் ஜாவா படிக்கச் சொல்கிறேன்? ஆண்ட்ராய்டு ஆப் உருவாகும் விதத்தைப் பாருங்கள். நீங்கள் ஜாவாவில் எழுதினாலும் கோட்லினில் எழுதினாலும் அது முதலில் கிளாஸ் ஃபைலாக மாறுகிறது, அப்புறம் டெக்ஸ் என்ற வடிவத்துக்குப் போகிறது, போனுக்குள் ஏஆர்டி என்ற இயந்திரம் (இதுவும் மென்பொருள்தான்) அதை ஓட்டுகிறது. இரண்டுக்கும் அடியில் ஒரே உலகம். லிஸ்ட், மேப், த்ரெட், எக்செப்ஷன் எல்லாம் ஜாவா நூலகத்திலிருந்து வந்தவை. ஆண்ட்ராய்டு 14 தன் அடிப்படை நூலகங்களை ஜாவாவின் திறந்த மூல வடிவமான ஓபன்ஜேடிகே 17இன் அளவுக்கு உயர்த்தியிருக்கிறது. வேலைக்குப் போகிற இடத்தில் பத்து வருஷத்துக்கு முந்தைய ஜாவா கோடு குவிந்து கிடக்கும், அதைப் படிக்கத் தெரியாதவர் திணறிப்போவார்.

ஒன்றே ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பாருங்கள். ஜாவாவில் ஒரு ஸ்ட்ரிங் மாறியில் பெயர் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் நல் ஆகவும் இருக்கலாம், அதைச் சரிபார்க்க மறந்தால் ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடும். கோட்லினில் ஸ்ட்ரிங் என்று மட்டும் எழுதினால் அதில் நல் வைக்கக் கம்பைலரே விடாது. வரலாம் என்றால் பின்னால் ஒரு கேள்விக்குறி போட வேண்டும், போட்டால் அதைக் கையாளாமல் மேலே போக விடாது. ஜாவாவில் நல் பாயிண்டர் எக்செப்ஷனோடு ஒரு ராத்திரி மல்லுக்கட்டியவருக்குத்தான் அந்தக் கேள்விக்குறியின் அருமை தெரியும். இந்த செமஸ்டர் ஜாவாவை ஒழுங்காகப் படியுங்கள், இன்டர்ஃபேஸும் கலெக்‌ஷன்ஸும் கைக்கு வரட்டும். அடுத்த லீவில் கோட்லின். ஆப் எழுதும் கருவியான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஜாவா கோடைக் கோட்லினாக மாற்றித் தரும் வசதி இருக்கிறது, உங்கள் லேப் புரோகிராம்களையே அதில் போட்டு மாற்றி, வரிக்கு வரி என்ன மாறியது என்று பாருங்கள்.

லேப்டாப் சின்னது என்று தயங்க வேண்டாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குக் குறைந்தது 8 ஜிபி ரேம் வேண்டும், கம்ப்யூட்டருக்குள்ளேயே போலி போனாக ஓடும் எமுலேட்டரையும் ஓட்டினால் அதுவும் மூச்சு வாங்கும். எமுலேட்டரை விடுங்கள். உங்கள் போனில் செட்டிங்ஸ் போய் பில்ட் நம்பரை 7 முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் சொருகினால் ஆப் நேராகப் போனிலேயே ஓடும். நிஜ போனில் சோதிப்பதுதான் எப்படியும் நல்லது.

"ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஃபேக்டரியில் வேலை பார்த்தவன் நான். அந்தக் காலத்துப் போன் ஒன்று இன்னும் வீட்டில் இருக்கிறது, பேட்டரி மாற்றினால் ஆன் ஆகிறது. அதில் அத்தனை ஜாவா கேம் ஓடியது. மெமரி கார்டில் ஏற்றித் தருவதற்கே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கடைகள் இருந்தன. எல்லாப் போனிலும் இருந்த ஜாவா எப்படிக் காணாமல் போனது? திரும்ப வருமா?"
— வாசகர், ராணிப்பேட்டை

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தி நின்ற அந்த ஃபேக்டரி நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு முதல் சம்பளம் கொடுத்த இடம். உங்கள் கேள்விக்கும் நோக்கியாவின் சரிவுக்கும் அடியில் இருப்பது பெரும்பாலும் ஒரே காரணம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜாவா பிறந்ததே வீட்டுக் கருவிகளுக்காகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. 1991இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் "கிரீன்" என்ற பெயரில் ஒரு சின்னக் குழு வேலை தொடங்கியது. ஜேம்ஸ் காஸ்லிங் அதற்காக ஒரு மொழி எழுதினார், முதலில் அதற்கு "ஓக்" என்று பெயர். 1992இல் அவர்கள் செய்து காட்டிய ஸ்டார் செவன் கையில் பிடிக்கிற தொடுதிரைக் கருவி, வீட்டுச் சாதனங்களை அதிலிருந்தே இயக்கலாம் என்பது திட்டம். வாங்க ஆள் இல்லை. டிவி செட்-டாப் பாக்ஸுக்குக் கொண்டுபோனார்கள், அதுவும் கைகூடவில்லை. அப்புறம்தான் இன்டர்நெட் பக்கம் திரும்பி, 1995 மே மாதம் ஜாவா என்ற பெயரில் வெளியிட்டார்கள்.

போனுக்கு அது திரும்பி வந்தது 1999இல் அறிவித்த ஜே2எம்இ, அதாவது சின்னக் கருவிகளுக்கான ஜாவா வழியாக. உங்கள் போனில் இருப்பது அதுதான். அது செய்த நல்லதை மறக்கக் கூடாது: ஓபரா மினி உலாவி ஒரு ஜாவா ஆப், பக்கத்தைத் தன் சர்வரிலேயே சுருக்கி அனுப்பியதால் 2ஜியில்கூட இன்டர்நெட் பார்க்க முடிந்தது. நோக்கியா சீரிஸ் 40 போன்களில் வாட்ஸ்அப் ஓடியதும் ஜாவாவில்தான், 2018 டிசம்பர் கடைசி வரை.

ஆனால் எழுதுகிறவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. "ஒரு தடவை எழுது, எங்கும் ஓடும்" என்பது ஜாவாவின் முழக்கம். போனில் அது நடக்கவில்லை. ஒரு போனில் திரை 128க்கு 128 புள்ளி, இன்னொன்றில் 176க்கு 208, வேறொன்றில் 240க்கு 320. ஒன்றில் நடு பட்டன் வேலை செய்யும், இன்னொன்றில் அதற்கு வேறு எண் வரும். ஆரம்பகால சீரிஸ் 40 போன்களில் ஜார் ஃபைல் 64 கேபிக்கு மேல் போகவே கூடாது, படம், சத்தம், கோடு எல்லாம் சேர்த்து. புளூடூத், கேமரா ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிமுறை, அதில் எதைப் போனில் வைப்பது என்று தீர்மானித்தது போன் கம்பெனி. காசு கட்டிச் சான்றிதழ் வாங்காத ஆப் நெட்டைத் தொட்டால் "அனுமதிக்கலாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்கும். நம் தமிழுக்கு அந்தப் போன்களில் பலவற்றில் எழுத்துருவே கிடையாது, "கொ" என்று ஓர் எழுத்தைக் காட்ட ஒற்றைக்கொம்பு, க, கால் மூன்றையும் படமாக வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியவர்கள் உண்டு.

இதற்கு நடுவில் 2007இல் ஐபோன் வந்தது, அதில் ஆப்பிள் ஜாவாவை வைக்கவே இல்லை. 2008இல் ஆண்ட்ராய்டு போன் வந்தது, மொழியாக ஜாவாவை எடுத்துக்கொண்டு, இயக்குகிற இயந்திரமாகத் தன்னுடைய டால்விக்கை வைத்துக்கொண்டது. ஆப் வாங்கும் கடையும் போனுக்குள்ளேயே வந்துவிட்டது. சன் சும்மா இருக்கவில்லை, ஜாவாஎஃப்எக்ஸ் மொபைல் என்று 2009இல் ஒன்றைக் கொண்டுவந்தது, ஆனால் அதை வைத்துப் போன் செய்ய யார் முன்வருவார்கள் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை. 2010 ஜனவரியில் சன்னையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. அதே வருஷம் ஆகஸ்டில் ஆரக்கிள் கூகுள் மேல் வழக்கும் போட்டது. அது 2021 ஏப்ரலில்தான் முடிந்தது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்று கூகுள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ஜே2எம்இ தோற்றது மொழி மோசம் என்பதால் அல்ல. கருவியைச் செய்கிறவரும் ஆப் கடையை வைத்திருக்கிறவரும் எந்தத் தளத்தைப் பிடித்துக்கொள்கிறாரோ அதுதான் நிற்கும், ஜாவாவுக்குச் சொந்தக்காரரிடம் போனும் இல்லை, கடையும் இல்லை. நோக்கியாவே இந்த மாற்றத்தில்தான் அடிபட்டது. 2017இல் வந்த ஜியோபோன் பட்டன் போன்தான், அதில்கூட ஜாவா இல்லை, காய்ஓஎஸ் என்ற இயங்குதளமும் வலைத் தொழில்நுட்பமும்தான். ஆகவே பழைய வடிவில் திரும்ப வராது.

உங்கள் கேம்களை மட்டும் காப்பாற்றலாம். மெமரி கார்டில் இருக்கும் ஜார் ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் ஜே2எம்இ லோடர் என்று ஓர் இலவச ஆப் இருக்கிறது, அந்த ஃபைலைத் திறந்தால் பழைய கீபேடைத் திரையிலேயே வரைந்து ஓட்டும். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அவர்கள் அப்பா செய்த போனில் ஓடியது அது.

"ஜாவா இன்ஸ்டால் செய்தால் '3 பில்லியன் கருவிகளில் ஜாவா ஓடுகிறது' என்று வரும். அது என்ன கருவிகள்? விளம்பரமா?"
— ஓய்வுபெற்ற ஆசிரியர், பாகாயம்

உங்கள் சட்டைப் பையிலேயே ஒன்று இருக்கலாம். பெரும்பாலான சிம் கார்டுகளுக்குள், நிறைய வங்கி அட்டைகளுக்குள், ஜாவா கார்டு என்ற மிகச் சின்ன ஜாவா இருக்கிறது, 1996இல் தொடங்கியது. போனில் "சிம் டூல்கிட்" என்று ஒரு மெனு பார்த்திருப்பீர்கள், அது பெரும்பாலும் சிம்முக்குள் இருக்கும் குட்டி ஜாவா ஆப்தான். அதில் தசம எண் கிடையாது, ஸ்ட்ரிங்கூடக் கிடையாது, அவ்வளவு சிக்கனம். ப்ளூ-ரே தட்டில் வரும் மெனுக்களிலும் ஜாவா உண்டு. இ-சிம் வந்த பிறகும் இந்த இடம் ஜாவாவிடமேதான் இருக்கிறது. எண்ணிக்கையை விடுங்கள், யார் கண்ணுக்கும் தெரியாமல் நிலைத்து நிற்கும் இடம் இது.

"பத்து வருஷமாகக் கடைகளுக்கு ஜாவா ஸ்விங்கில் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதித் தருகிறேன். இங்கே லுங்கி மொத்த வியாபாரிகள், மளிகைக் கடைக்காரர்கள்தான் கஸ்டமர்கள். இப்போது எல்லோரும் 'அண்ணா, போனில் வருமா?' என்கிறார்கள். ஜாவாஎஃப்எக்ஸுக்கு மாறினால் போனிலும் ஓடும் என்று ஒருவர் சொன்னார். மாறலாமா? ஜாவாவுக்குக் காசு கட்ட வேண்டும் என்கிறார்களே, அதுவும் பயமாக இருக்கிறது."
— சாஃப்ட்வேர் தொழில் செய்பவர், குடியாத்தம்

காசு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். ஆரக்கிள் தன் பெயரில் தரும் ஜாவாவுக்கு 2019இலிருந்து விதிகளை மாற்றிக்கொண்டே வந்தது, 2023இல் கம்பெனியில் எத்தனை ஊழியர் என்று எண்ணிக் கட்டணம் போடும் முறையைக் கொண்டுவந்தது. ஆனால் ஓபன்ஜேடிகே திறந்த மூலம், இலவசம். எக்லிப்ஸ் டெமூரின், அமேசான் கொரெட்டோ இரண்டில் ஒன்றை இறக்கிப் பயன்படுத்துங்கள், கடைக்காரர் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். இன்னொன்று, ஜேபேக்கேஜ் என்ற கருவி ஜாவா எழுதுவதற்கான கருவித்தொகுப்பான ஜேடிகேயிலேயே இருக்கிறது, அது உங்கள் புரோகிராமையும் அதற்கு வேண்டிய ஜாவாவையும் சேர்த்து ஒரே இன்ஸ்டாலராகக் கட்டித் தரும். கடைக் கம்ப்யூட்டரில் ஜாவா இருக்கிறதா, எந்த வெர்ஷன் என்ற தலைவலியே இருக்காது.

திரை கட்டுவதற்கு ஜாவாஎஃப்எக்ஸ் நல்ல கருவிதான், ஆனால் 2018இல் ஜாவா 11 வந்தபோது அதை ஜேடிகேயிலிருந்து பிரித்துவிட்டார்கள், இப்போது தனித் திட்டமாக வளர்கிறது. குளுவான் என்ற நிறுவனத்தின் கருவிகளோடு போனிலும் ஓட்டலாம், உங்களுக்குச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. ஆனாலும் நான் உங்களை அந்த வழியில் போகச் சொல்ல மாட்டேன். போன் கம்பெனிகள் எதுவும் அதன் பின்னால் இல்லை, ஆண்ட்ராய்டில் நாளைக்கு ஒரு மாற்றம் வந்தால் அதைச் சரிசெய்து தரும் கைகள் அங்கே குறைவு. ஒரு கடையின் வியாபாரம் உங்களை நம்பி ஓடும்போது அது பெரிய ரிஸ்க்.

நான் சொல்வது இது. இன்றைக்கு உங்கள் ஸ்விங் (ஜாவாவின் பழைய டெஸ்க்டாப் திரைக் கருவி) கோடில் பட்டன் அமுக்கினால் நடக்கும் இடத்திலேயே ஜிஎஸ்டி கணக்கும் ஸ்டாக் கழிப்பதும் எழுதியிருப்பீர்கள், பெரும்பாலோர் அப்படித்தான் எழுதுகிறோம். அதைப் பிரியுங்கள். 5 சதவீதத்தை 2.5, 2.5 என்று இரண்டாகப் பிரிக்கிற கணக்கு, ரவுண்ட் ஆஃப், பாக்கி, கடன் நோட்டு எல்லாம் திரையைப் பற்றி ஒன்றுமே தெரியாத தனி ஜாவா கிளாஸ்களுக்குப் போகட்டும். தொகையை டபுளில் வைத்திருந்தால் பிக்டெசிமலுக்கு மாற்றுங்கள், ஆண்ட்ராய்டிலும் அது அப்படியே இருக்கிறது. இப்படிப் பிரித்த ஜார் ஆண்ட்ராய்டு ஆப்புக்குள் அநேகமாக மாற்றமே இல்லாமல் போய் உட்காரும். பத்து வருஷ உழைப்பில் விலை மதிப்பானது அந்தப் பாகம்தான். திரையை மட்டும் கோட்லினில் கம்போஸ் வைத்துப் புதிதாக எழுதுங்கள். கம்போஸ் மல்டிபிளாட்ஃபார்ம் வழியாக அதே திரைக் கோடு டெஸ்க்டாப்பிலும் ஓடும், 2025இலிருந்து ஐபோனுக்கும் நிலையான பதிப்பு வந்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள், ஐபோனில் ஜாவா இயந்திரமே கிடையாது, அங்கே கோட்லின் நேராக இயந்திர மொழியாக மாறுகிறது, அதனால் உங்கள் ஜாவா ஜார் அங்கே போகாது. உங்கள் கஸ்டமர்களில் ஐபோன் வைத்திருப்பவர் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குடியாத்தம் பஜாரில் முதலில் ஆண்ட்ராய்டு போதும் என்பது என் கணிப்பு.

பிரிண்டர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். கையடக்க புளூடூத் தெர்மல் பிரிண்டர் பெரும்பாலும் அதே பழைய இஎஸ்சி-பாஸ் கட்டளைகளைத்தான் புரிந்துகொள்கிறது: 27, 64 என்று இரண்டு பைட் அனுப்பினால் பிரிண்டர் ஆரம்ப நிலைக்கு வரும். உங்கள் பழைய கோடில் இருப்பதை அப்படியே அனுப்பலாம். தமிழ் மட்டும் எழுத்தாக அனுப்பினால் குப்பையாக வரும். 58 மில்லிமீட்டர் பேப்பரில் அகலம் 384 புள்ளி, 80 மில்லிமீட்டரில் 576. சரக்கின் பெயரை அந்த அகலத்துக்கு போனிலேயே கருப்பு வெள்ளைப் படமாக வரைந்து அனுப்புங்கள், கொம்பும் காலும் கலையாமல் வரும்.

பிளே ஸ்டோரில் போட 25 டாலர் ஒரு முறை கட்ட வேண்டும். புதிதாகத் திறக்கும் தனிநபர் கணக்கு என்றால் வெளியிடும் முன் 12 பேரை வைத்து 14 நாள் சோதித்தும் காட்ட வேண்டும். உங்கள் கடைக்காரர்களையே அந்த 12 பேராகச் சேர்த்துக்கொள்ளலாம், குறைகளும் அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

"மகள் பி.எஸ்ஸி. முடித்திருக்கிறாள். ஒரு சென்டரில் 'ஜாவா ஃபுல் ஸ்டாக், வேலைக்கு உத்தரவாதம்' என்று பெரிய தொகை கேட்கிறார்கள். நகையை வைத்துக் கட்டலாமா என்று யோசிக்கிறோம்."
— ஒரு தாய், வாணியம்பாடி

நகையை வைக்காதீங்கம்மா. வேலைக்கு உத்தரவாதம் என்று வாயால் சொல்வதை எழுத்தில் கேளுங்கள்: வேலை கிடைக்காவிட்டால் பணத்தை எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், எந்தக் கம்பெனி, எவ்வளவு சம்பளம். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். போன வருஷம் படித்து முடித்த நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேரிடம் நேரில் பேசுங்கள், சென்டர் சுவரில் ஒட்டியிருக்கும் போட்டோவை நம்ப வேண்டாம்.

என்பிடெல் தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் ஜாவா வகுப்பு இலவசமாகவே இருக்கிறது, சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் பரீட்சைக்குக் கட்டணம். மகள் முதலில் அதை முடிக்கட்டும். முடித்ததும் தானாக ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்கட்டும், உங்கள் மகளிர் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் போனில் எழுதுவது போல ஒரு சின்ன ஆப் போதும். இன்டர்வியூவில் "நீ என்ன செய்தாய்" என்று கேட்கும்போது திறந்து காட்ட ஒன்று கையில் இருக்கும். அதற்குப் பிறகும் சென்டர் தேவை என்று அவளே சொன்னால், அப்போது யோசிக்கலாம். ஜாவா படித்த பெண்ணுக்கு சர்வர் பக்கமும் வழி உண்டு, ஆண்ட்ராய்டு பக்கமும் வழி உண்டு, அதனால் தேர்ந்தெடுத்த பாடம் சரிதான். விலைதான் சரியில்லை.

"டிவி, வாட்ச், கார் இதிலெல்லாம் ஆப் எழுத எது படிக்கணும்?"
— பாலிடெக்னிக் மாணவர், ஆற்காடு

கருவியைச் செய்தவர் யார் என்று பாருங்கள். சாம்சங் டிவியில் ஓடும் இயங்குதளம் டைசன், எல்ஜியில் வெப்ஓஎஸ், இரண்டுக்கும் பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட். ஆண்ட்ராய்டு டிவி, கூகுள் டிவி, வேர் ஓஎஸ் வாட்ச், காரில் வரும் ஆண்ட்ராய்டு ஆட்டோமோட்டிவ் இவற்றுக்குக் கோட்லின், பழைய ஜாவாவும் செல்லும். ஆப்பிளின் கருவிகளுக்கு ஸ்விஃப்ட். டிவிக்கு எழுதும்போது விரலால் தொட முடியாது, ரிமோட்டின் நான்கு அம்புக்குறிகள்தான், எந்தப் பெட்டி இப்போது தேர்வாகி இருக்கிறது என்பது பத்தடி தூரத்திலிருந்து தெரிய வேண்டும். மொழியைவிட அங்கே நேரம் எடுக்கப்போவது இதுதான், அதனால் வீட்டு டிவியில் யூடியூப் ஆப்பை ரிமோட்டில் மெதுவாக நகர்த்தி நகர்த்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.